மாற்றம் வரும்போது டீமுக்கு எது துணை? டிரெயினிங், மேனேஜர், டீம் கோச்சிங், குழு கோச்சிங்: ஓர் ஒப்பீடு

"ஆபீஸில் பெரிய மாற்றம் வரப்போகிறது. ஆட்கள் முகமே சரியில்லை. கோச் யாரையாவது கூப்பிடலாமா, இல்லை டிரெயினிங் கொடுத்தால் போதுமா?"

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் டீம் லீடர்கள் உண்டு, ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவர்கள் உண்டு, இருபது பேரை வைத்து நிறுவனம் நடத்துகிறவர்களும் உண்டு. மாற்றம் என்று அவர்கள் சொல்வதும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குப் புது சாஃப்ட்வேர். இன்னொருவருக்கு, இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கியது. வேறொருவருக்கு, பதினைந்து வருடம் இருந்த தலைவர் போய்ப் புதியவர் வந்தது. ஆனால் எல்லோரும் எந்த வழி நல்லது என்றுதான் கேட்கிறார்கள். எந்தச் சிக்கலுக்கு என்று சொல்வதில்லை. அதனால் பதில் சொல்லும் முன் நான் நாலு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விகளையும், அவற்றை வைத்து ஒவ்வொரு வழியையும் எடைபோடும் விதத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். தமிழில் டீமையும் குழு என்கிறோம், ஏதோ காரணத்துக்காகக் கூடிய பத்துப் பேரையும் குழு என்கிறோம். கோச்சிங்கில், அதாவது விடையைச் சொல்லித் தராமல் கேள்வி கேட்டு ஆட்களையே யோசித்து முடிவெடுக்க வைப்பதில், இவை இரண்டும் வெவ்வேறு வேலை. ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைப்பவர்கள், ஒருவர் கை நின்றால் அடுத்தவர் கையும் நின்றுவிடும் என்ற நிலையில் இருப்பவர்கள் டீம். அந்த டீம் மொத்தத்தையும் ஒரே ஆளாக வைத்துச் செய்வது டீம் கோச்சிங். வெவ்வேறு பிரிவிலிருந்து வந்து, ஒரே மாதிரியான சிக்கலோடு, ஆனால் அவரவர் இலக்கோடு உட்காருபவர்கள் குழு. பல பிரிவுகளின் சூப்பர்வைசர்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து நடத்துவது குழு கோச்சிங். கீழே டீம் என்றால் முதலாவது, குழு என்றால் இரண்டாவது.

## எதை வைத்து எடைபோடுவது?

### இன்னும் முடிவாகாதது என்ன?

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி இதுதான். வரப்போகும் மாற்றத்தில் எதெல்லாம் மேலே முடிவாகிவிட்டது, எதையெல்லாம் இந்த ஆட்கள் இன்னும் முடிவு செய்யலாம்? இதற்குப் பதில் தெரியாமல் கோச்சிங் தொடங்குவது பெரிய தப்பு என்று நான் நினைக்கிறேன்.

காரணம், பழைய ஓர் ஆய்வு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மேரியன் ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் தொழிற்சாலை இருந்தது. அங்கே நடந்த சோதனையின் முடிவுகள் 1948-ல் வெளிவந்தன. பீஸ் கணக்கில் சம்பளம். வேலை முறையை மாற்றினால் தொழிலாளர்களின் வேகம் படுத்துவிடும், பலர் வேலையை விட்டே போய்விடுவார்கள். அதனால் மாற்றத்தை மூன்று விதமாகச் செய்து பார்த்தார்கள். முதல் பிரிவில் 18 பேர். அவர்களுக்குக் கூட்டம் போட்டு, மாற்றம் ஏன் என்று விளக்கி, சந்தேகங்களுக்குப் பதிலும் சொன்னார்கள். இரண்டாவது பிரிவில் 13 பேர். அவர்கள் சார்பில் சில பிரதிநிதிகள் புது முறையை வகுப்பதில் உட்கார்ந்தார்கள். மூன்றாவதாக 8 பேரும் 7 பேரும் கொண்ட இரண்டு சிறு பிரிவுகள். இவற்றில் எல்லோருமே உட்கார்ந்தார்கள்.

விளக்கம் மட்டும் கேட்ட பிரிவு பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். பிரதிநிதிகள் உட்கார்ந்த பிரிவு 14 நாளில் மணிக்கு 61 பீஸ் என்ற அளவுக்கு வந்தது. அங்கே இயல்பான அளவு 60. எல்லோரும் உட்கார்ந்த பிரிவுகள் பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போயின, ஒருவர்கூட விலகவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. முதல் பிரிவில் மிஞ்சிய 13 பேரை இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஒன்றுசேர்த்து, இன்னொரு புது வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை எல்லோரையும் முடிவில் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் சட்டென்று வேகம் பிடித்தார்கள். "எங்க ஆட்களே அப்படித்தான் சார், எதுக்கும் ஒத்துவர மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 13 பேர்தான் நினைவுக்கு வருவார்கள்.

ஆட்கள் எண்ணிக்கை சிறியது, அதை வைத்து எல்லாவற்றையும் அளக்க முடியாது. நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே சோதனையைத் திரும்பச் செய்து 1960-ல் வெளியிட்டார்கள். அங்கே உற்பத்தியில் வித்தியாசம் வரவில்லை. தொழிலாளர்களிடம் கேட்ட விஷயங்கள் அவர்களுடைய வேலை வேகத்துக்குப் பெரிதாகச் சம்பந்தப்படாதவை என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆக, கூட்டி உட்காரவைப்பது மட்டும் போதாது. உட்கார்ந்தவர்கள் தொட்டு மாற்றக்கூடியது ஏதாவது மேஜைமேல் இருக்க வேண்டும்.

### சிக்கல் எந்த இடத்தில்?

தெரியாததால் தயங்குகிறார்களா, தெரிந்தும் முடியவில்லையா, முடிந்தும் மனசு வரவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. புது திரையில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாதவருக்குக் கோச்சிங் எதற்கு? ஆள் பற்றாக்குறையால் திணறுகிறவரிடம் "உங்களைத் தடுப்பது எது?" என்று கேட்பது கொடுமை.

### யார் முன்னால் யார் பேசுவார்கள்?

டீமுக்குள் வாய் திறக்காதவர் வேறு பிரிவு ஆட்களிடம் மனசு விட்டுப் பேசுவார். சிலர் நேர்மாறு: வெளியாள் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. மேனேஜர் அறையை விட்டு எழுந்து போனதும் பேச்சின் சத்தம் கூடுகிறதா என்று ஒரு தடவை கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

### எவ்வளவு நாள், எத்தனை மணி?

கோச்சின் கட்டணத்தை எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள்; ஆட்களின் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. இதைப் பிறகு கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

## வழி 1: விளக்கக் கூட்டமும் டிரெயினிங்கும்

கோச்சிங் செய்பவர்கள் இந்த வழியைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. அது சரியில்லை. சட்டம் மாறியிருக்கிறது, பாதுகாப்பு விதி மாறியிருக்கிறது, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புது முறைதான் என்றால், ஆட்கள் முடிவு செய்ய அதில் எதுவுமே இல்லை. அங்கே தெளிவாகச் சொல்லி, கையைப் பிடித்துச் செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் மரியாதை. முடிவான விஷயத்தை முடிவாகாதது மாதிரி காட்டி "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் ஆட்கள் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் உண்மையாகவே கருத்துக் கேட்கும்போதும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டிய இடத்தில் பேச்சு மட்டும் எடுபடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கர்ட் லெவின் என்ற உளவியலாளர் செய்த சோதனை இதற்கு நல்ல சாட்சி. இறைச்சித் தட்டுப்பாட்டால், வழக்கமாக ஒதுக்கும் ஈரல், இதயம் போன்ற பாகங்களையும் சமைக்கும்படி இல்லத்தரசிகளைத் தூண்ட வேண்டியிருந்தது. சிலருக்கு நல்ல சொற்பொழிவு. சிலரை உட்காரவைத்துத் தாங்களே பேசி முடிவெடுக்கச் செய்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் அதுவரை சமைக்காத ஒன்றைச் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம்.

கண்ணில் படாத செலவு: கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. "கேள்வி ஏதாவது உண்டா?" என்று கேட்டால் அமைதி. பத்து நிமிடம் கழித்து மாடிப்படியில் நின்று பாருங்கள், உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கும். இன்னொரு செலவு, சீக்கிரமே டிரெயினிங் கொடுத்துவிடுவது. புது முறை தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே வகுப்பை முடித்துவிட்டால், தொடங்கும் நாளில் பாதி மறந்திருக்கும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

## வழி 2: மேனேஜரே கோச்சாக இருப்பது

செலவு குறைவு என்பதால் பல நிறுவனங்கள் முதலில் எடுக்கும் வழி. மேனேஜர்களுக்கு இரண்டு நாள் கோச்சிங் பயிற்சி கொடுத்து, "இனி ஆட்களிடம் கேள்வி கேட்டு நடத்துங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

இதன் பலம் அன்றாடம் பக்கத்தில் இருப்பது. புதன்கிழமை மூன்று மணிக்கு ஒருவர் தடுமாறினால் மூன்றேகாலுக்குப் பேசலாம். எந்த வெளிக் கோச்சாலும் இது முடியாது. மாற்றம் பெரிதாக இல்லாமல் சின்னச் சின்னதாகத் தொடர்ந்து வரும் இடங்களில், மேனேஜர்மேல் ஏற்கெனவே நம்பிக்கை இருக்கும் இடங்களில், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பலவீனம், அப்ரைசல் எழுதுகிற கையும் அதே கைதான். "எனக்கு இந்தப் புது முறை பயமாக இருக்கிறது" என்று தன் இன்கிரிமென்ட்டை முடிவு செய்பவரிடம் யார் சொல்வார்கள்? போதாததற்கு, மாற்றம் மேனேஜரையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. இரண்டு பிரிவு ஒன்றாகும்போது இரண்டு மேனேஜர் நாற்காலியில் ஒன்று போய்விடும். தன் நாற்காலியே ஆடும்போது அடுத்தவர் பதற்றத்தை நிதானமாகக் கேட்பது எளிதல்ல. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. "இதை எப்படிச் செய்யலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" ஒருவர் சொல்வார், மேனேஜர் "வேறு?" என்பார். இன்னொருவர் சொல்வார், "வேறு?" தான் நினைத்தது வரும்வரை இது ஓடும். இரண்டாவது வாரம் ஆட்கள் ஊகிப்பதில் தேறிவிடுவார்கள், யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். நான் மேனேஜர்களுக்குச் சொல்வது எளிய வழக்கம் ஒன்றுதான். மீட்டிங் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "இந்த மூன்றும் முடிவானவை, சொல்ல வந்திருக்கிறேன். இந்த இரண்டும் முடிவாகவில்லை, கேட்க வந்திருக்கிறேன்." சொன்னபடி நடந்துகொண்டால் இரண்டே மாதத்தில் பேச்சின் தரம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ரூத் வேக்மன் 2001-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தில் தாங்களே தங்களை நடத்திக்கொள்ளும் 43 சர்வீஸ் டீம்களைப் பார்த்தார். டீமின் அமைப்பு (தெளிவான இலக்கு, சரியான ஆட்கள், தேவையான வசதி, டீமாகச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை) தலைவரின் கோச்சிங்கைவிட அதிக வித்தியாசம் செய்தது. அமைப்பு சரியாக இருந்த டீமுக்கு நல்ல கோச்சிங் மேலும் கைகொடுத்தது. அமைப்பு கோணலாக இருந்த டீமில் அந்த அளவுக்கு எடுபடவில்லை. ஆறு பேர் வேலையை நாலு பேர் செய்யும் டீமுக்குக் கோச்சிங் பயிற்சி பெற்ற மேனேஜரை அனுப்புவதற்கு முன், அந்த இரண்டு ஆட்களைக் கொடுங்கள்.

## வழி 3: டீம் கோச்சிங்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் அதிகம்.

ஒன்பது பேர் கொண்ட பில் சரிபார்க்கும் டீம் ஒன்று. பழைய முறையில் ஒவ்வொரு பில்லையும் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பார்கள். புது சாஃப்ட்வேரில் முக்கால்வாசி தானாக நடந்துவிடும். டிரெயினிங் முடிந்தது, எல்லோரும் தேர்வில் தேறினார்கள். ஆனாலும் பில்களைப் பழைய முறையிலும் ஒரு தடவை, புது முறையிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை இரட்டிப்பு. மேலிடத்துக்கு எரிச்சல்.

நான் இரண்டாவது தடவை அவர்களோடு உட்கார்ந்தபோது அந்த டீமின் மூத்த அக்கா மேஜை டிராயரைத் திறந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் மடங்கி, நடுவே ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பதினொரு வருடமாக அவர் கண்ட விதிவிலக்குகள்: இந்த சப்ளையர் பில்லில் தேதி எப்போதும் ஒரு நாள் தள்ளி வரும், அந்தக் கிளையில் டாக்ஸ் தொகை இரண்டு வரியாக வரும் என்று பென்சிலில் எழுதியிருந்தார். "இதெல்லாம் இனி யாருக்கும் வேண்டாமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. பக்கத்தில் இருந்த இளைஞர், "அக்கா, எனக்குப் புரியாதபோதெல்லாம் உங்க நோட்டைத்தானே கேட்பேன்" என்றார். அதற்குப் பிறகு யாரும் சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசவில்லை, ஒரு மணி நேரம் நோட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

அடுத்த வாரம் அந்த டீமே உட்கார்ந்து நோட்டில் இருந்த நாற்பது சொச்சம் விதிவிலக்குகளைச் சாஃப்ட்வேரில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தது. பெரும்பாலானதை அது சரியாகப் பிடித்தது. ஆறை விட்டுவிட்டது. அந்த ஆறுக்கு மட்டும் கண்ணால் பார்ப்பது என்று அவர்களே முடிவு செய்து மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கினார்கள். இரட்டை வேலை நின்றது.

இதில் கோச்சாக நான் செய்தது கொஞ்சம்தான். நோட்டு வெளியே வரும் வரைக்கும் அவசரப்படாமல் இருந்தேன். இன்னொன்றும் இருந்தது: விதிவிலக்குகளை எப்படிக் கையாள்வது என்பதை டீமே முடிவு செய்யலாம் என்று முன்கூட்டியே மேலிடத்தில் பேசி வாங்கியிருந்தோம். அது இல்லாமல் போயிருந்தால் அந்த அக்காவின் கேள்வி வெறும் அழுகையாக முடிந்திருக்கும், நாங்களும் ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்போம்.

எப்போது உட்காருவது என்பதற்கும் கணக்கு உண்டு. ரிச்சர்ட் ஹேக்மனும் வேக்மனும் 2005-ல் எழுதிய கோட்பாட்டின்படி, வேலையின் தொடக்கத்தில் ஊக்கமும் பொறுப்பும் பற்றிப் பேசுவது எடுபடும்; செய்யும் முறையை மாற்றிப் பார்ப்பது நடுவழியில் எடுபடும்; கற்றதைத் தொகுப்பது ஒரு கட்டம் முடிந்த பிறகு எடுபடும். டீம்கள் காலக்கெடுவின் பாதியில்தான் திடீரென்று தங்கள் போக்கை மாற்றிக்கொள்கின்றன என்று 1988-ல் கோனி கெர்சிக் கண்டது இதற்கு அடிப்படை. ஆகவே பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று இயந்திரம்போல் தேதி போடுவதைவிட, மாற்றத்தின் தொடக்கம், பாதி, முதல் கட்ட முடிவு என்று பார்த்துப் போடுவது நல்லது.

கண்ணில் படாத செலவுகள் இங்கேதான் அதிகம்.

முதலில் நேரம். ஒன்பது பேர், ஒன்றரை மணி நேரம், ஆறு அமர்வு: 81 மணி நேரம். அந்த நேரத்தின் வேலை எங்கே போகும்? டார்கெட்டைக் குறைக்காமல் கோச்சிங்கை மட்டும் சேர்த்தால், ஆட்கள் அதை மாலையில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். அப்புறம் கோச்சிங்கே இன்னொரு சுமை.

அடுத்தது, ரகசியம். பணம் கொடுப்பது நிறுவனம், பேசுவது டீம். "உள்ளே யார் என்ன சொன்னார்கள்?" என்று மேலே கேட்டால் கோச் என்ன சொல்வார்? இதை முதல் அமர்வுக்கு முன்பே மூன்று தரப்பும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். எது வெளியே போகும், எது போகாது, யார் சொல்வது. எழுதாமல் தொடங்கிய இடங்களில் மூன்றாவது அமர்வுக்குள் யாருக்காவது அடிபட்டுவிடுகிறது.

கோச்சின் தகுதியையும் கவனித்துப் பாருங்கள். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் மூன்று நிலைச் சான்றிதழ்களுக்கு முறையே 100, 500, 2500 மணி நேரக் கோச்சிங் அனுபவம் வேண்டும். நல்ல அளவுகோல்தான். ஆனால் அதில் பெரும்பகுதி தனி ஆட்களோடு செய்ததாக இருக்கலாம். தனி ஆளோடு பேசுவது வேறு. ஒன்பது பேருக்கு நடுவே இரண்டு பேர் முறைத்துக்கொள்ளும்போது சமாளிப்பது வேறு. அதே கூட்டமைப்பு டீம் கோச்சிங்குக்கென்று தனித் திறன்களை 2020-ல் வகுத்ததே அதனால்தான். ஆகவே "மொத்தம் எத்தனை மணி?" என்பதோடு நிறுத்தாமல், "டீம்களோடு எத்தனை மணி?" என்றும் கேளுங்கள். "மாற்றங்களில் 70 சதவீதம் தோற்றுவிடுகின்றன, அதனால் கோச்சிங் எடுங்கள்" என்று சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். அந்த எண்ணுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று மார்க் ஹியூஸ் 2011-லேயே ஆராய்ந்து காட்டிவிட்டார்.

எப்போது வேண்டாம்: பெயருக்குத்தான் டீம், ஆளுக்கொரு தனி வேலை என்றால் வேண்டாம். இன்னும் மூன்று மாதத்தில் கலைக்கப் போகும் டீம் என்றால் வேண்டாம். முக்கியமாக, யார் வேலை போகும் என்ற பட்டியல் இன்னும் வெளிவராத நேரத்தில் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் போட்டியாளராக இருக்கும்போது மனம் திறக்கச் சொல்வது நியாயமில்லை.

## வழி 4: குழு கோச்சிங்

மாற்றத்தில் அதிகம் நசுங்குபவர்கள் நடுவில் இருக்கும் மேனேஜர்கள். மேலே "எல்லாம் சரியாகப் போகிறது" என்று சொல்ல வேண்டும், கீழே "பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும், தன் பயத்தைச் சொல்ல இடமில்லை. குழு கோச்சிங் இவர்களுக்காகவே செய்ததுபோல் இருக்கும்.

ஓர் அமர்வில் ஆறு பேர், ஆறு பிரிவு. ஒருவர் ரொம்ப நேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். தன் முறை வந்ததும், "என் டீம் கேட்கிறது, எனக்கே பதில் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கிறேன்" என்றார். எதிரில் இருந்தவர் நிமிர்ந்து, "நீங்களுமா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சிலர் இந்த அறைக்கு வருகிறார்கள்.

இந்த முறைக்கு நல்ல முன்னோடி, பிரிட்டனின் ரெக் ரெவன்ஸ். தேசிய நிலக்கரி வாரியத்தில் இருந்தபோது, வெளி நிபுணரைக் கொண்டுவருவதைவிடச் சுரங்க மேலாளர்களே ஒருவர் சிக்கலை இன்னொருவர் கேட்கட்டும் என்று சிறு குழுக்களாக உட்காரவைத்தார். செயல்வழிக் கற்றல் என்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. இன்றும் அதன் விதிகள் எளியவை: ஒருவர் தன் உண்மையான சிக்கலைச் சொல்வார், மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம், கடைசியில் அவர் தான் செய்யப்போவதைச் சொல்வார், அடுத்த தடவை வந்து நடந்ததைச் சொல்வார். நாலு பேருக்குக் குறையாமல், எட்டுப் பேருக்கு மிஞ்சாமல் இருந்தால் எல்லோருக்கும் முறை வரும்.

கண்ணில் படாத செலவு: கற்றது அறையோடு நின்றுவிடலாம். குழுவில் தெம்பு பெற்றவர் தன் டீமுக்குத் திரும்பும்போது தனி ஆளாகத்தான் திரும்புகிறார். அங்கே எதுவும் மாறியிருக்காது. வருகையும் ஒரு தலைவலி. ஆறு பிரிவு என்றால் ஆறு விதமான அவசரம், இரண்டு தடவை இரண்டு பேர் வராவிட்டால் குழுவின் சூடு ஆறிவிடும். அப்புறம் ஒன்றை மறக்கவே கூடாது: மேலதிகாரியையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் ஒரே குழுவில் போடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | டிரெயினிங் | மேனேஜர் | டீம் கோச்சிங் | குழு கோச்சிங் |
|---|---|---|---|---|
| எது முடிவாகாமல் இருக்க வேண்டும்? | எதுவும் தேவையில்லை | அன்றாட வேலை முறை | டீம் சேர்ந்து வேலை செய்யும் விதம் | அவரவர் தன் பொறுப்பை நடத்தும் விதம் |
| எந்தச் சிக்கலுக்கு? | தெரியாதது | சின்னத் தடுமாற்றங்கள் | டீமுக்குள் இழுபறி, இழப்பு | தனிமை, இரண்டு பக்க அழுத்தம் |
| மனசு விட்டுப் பேச முடியுமா? | அரிது | மேனேஜரைப் பொறுத்தது | ரகசிய ஒப்பந்தம் இருந்தால் | பெரும்பாலும் முடியும் |
| மறைந்த செலவு | மௌனத்தைச் சம்மதம் என நம்புவது | அப்ரைசல் பயம் | மொத்த டீமின் வேலை நேரம் | கற்றது டீமுக்குப் போய்ச் சேராதது |
| பலன் தெரிய | நாட்கள் | மாதங்கள், ஆனால் நீடிக்கும் | ஒரு கட்டம் முடிய வேண்டும் | இரண்டு மூன்று அமர்வு |

நிறுவனத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற கோச் இருந்தால், மூன்றாவது நாலாவது வழிகளை அவரைக் கொண்டே நடத்தலாம். உள் விவரம் தெரிந்தவர் என்பது லாபம். ஆனால் அவரும் ஹெச்.ஆர். ஆள்தானே என்ற சந்தேகம் இருக்கும் வரை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வேறு பிரிவு டீமுக்கு அவரை அனுப்பினால் இது ஓரளவு குறையும்.

## நான் என்றால் எதை எடுப்பேன்?

புது சாஃப்ட்வேர், புது வேலை முறை: டிரெயினிங்கில் தொடங்குவேன், தொடங்கும் தேதிக்கு ஒட்டி. இரண்டு வாரம் கழித்தும் ஆட்கள் பழைய முறையை ரகசியமாக வைத்துக்கொண்டிருந்தால், மறுபடி டிரெயினிங் கொடுக்க மாட்டேன். அந்த ஒரு டீமுக்கு மட்டும் டீம் கோச்சிங்.

இரண்டு பிரிவுகள் ஒன்றாவது: முதலில் இரண்டு பக்க மேனேஜர்களுக்கும் குழு கோச்சிங், ஒரே அறையில். அவர்களுக்குள் சரியாகாமல் கீழே டீம் கோச்சிங் நடத்தினால், ஆட்கள் அறைக்குள் ஒன்றாகி வெளியே வந்ததும் பிரிந்துவிடுவார்கள். யார் எந்தப் பொறுப்பில் என்பது அறிவிக்கப்பட்ட பிறகுதான் புது டீமோடு உட்காருவேன்.

ஆட்குறைப்பு: எந்தக் கோச்சிங்கும் இல்லை. தெளிவான அறிவிப்பு, நேர்மையான தேதிகள், போகிறவர்களுக்கு முறையான உதவி. பட்டியல் வெளிவந்து, இருப்பவர்கள் இருப்பது உறுதியான பிறகு அவர்களோடு டீமாக உட்காரலாம். போனவர்களின் வேலை யார் தலையில் விழப்போகிறது என்பதை அன்று பேசியே ஆக வேண்டும், அது பெரும்பாலும் முடிவாகாமல்தான் கிடக்கும்.

புதுத் தலைவர்: தொடக்கத்தில் ஒரே ஒரு டீம் அமர்வு, வெளிக் கோச்சோடு. டீம் இந்தத் தலைவரிடம் எதிர்பார்ப்பது என்ன, தலைவர் டீமிடம் எதிர்பார்ப்பது என்ன என்று பேசிக்கொள்ள. அதற்கப்புறம் அவரே நடத்தட்டும்.

நடுவில் வழியை மாற்றத் தயங்க வேண்டாம். டீம் அமர்வில் ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு பேர் மட்டும் பேசினால், மற்றவர்களுக்கு அந்த இடம் பாதுகாப்பாக இல்லை என்று அர்த்தம். நிறுத்திவிட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். குழு அமர்வில் எல்லோரும் ஒரே குறையையே திரும்பத் திரும்பச் சொன்னால், அது கோச்சிங்கால் தீராது, மேலே கொண்டுபோக வேண்டிய விஷயம். கோச் இல்லாத வாரத்தில் டீம் எந்த முடிவும் எடுக்காமல் அவருக்காகக் காத்திருந்தால், அமர்வுகளைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

கோச் ஒருவருக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் முடிவானவை, வலப்பக்கம் இந்த ஆட்கள் இன்னும் முடிவு செய்யக்கூடியவை. பத்து நிமிடம் போதும். வலப்பக்கம் காலியாக இருந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தாளோடு உங்கள் மேலதிகாரி அறைக்குப் போங்கள். அங்கே ஒரு வரியாவது எழுதி வாங்கிக்கொண்டு வந்து அப்புறம் கோச்சைக் கூப்பிடுங்கள்.